முன் இருக்கையின் ஈரம்

என் மாமனார் அறுவை சிகிச்சை முடிந்து, குழாயும் அதன் முனையில் சிறுநீர்ப் பையுமாக எங்கள் வீட்டுக்கு வந்த வாரத்தில்தான் காரில் அந்த வாடை ஆரம்பித்தது. பாருங்கள், எழுதும்போதே இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துவிட்டேன். அன்றைக்கும் அப்படித்தான் சேர்த்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவன். இருபது வருடமாக அதே மேசை, அதே விளக்கு. ஒரு தூசி, ஒரு விரல் ரேகை இருந்தால்கூட லென்ஸைக் கைமாற்ற மாட்டேன். அந்தச் சுத்தம் வீடு வரைக்கும் என்னோடு வந்துவிட்டது. "இவரு கை கழுவப் போனா குழாயையும் சேர்த்துக் கழுவிட்டுத்தான் வருவாரு" என்று என் மனைவி சொல்வாள். கேலிதான். ஆனால் உள்ளுக்குள் எனக்கு அது பாராட்டாகத்தான் கேட்கும்.

மாமனார் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் முப்பத்தோரு வருடம் லிஃப்ட் இயக்கியவர். மாமியார் போன பிறகு தனியாகத்தான் இருந்தார். அதிகம் பேச மாட்டார். நானும் பேசாதவன். எங்கள் இரண்டு பேரையும் ஒரு அறையில் விட்டால் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். அந்த மௌனம் எனக்குப் பிடித்திருந்தது. அவருக்கும் பிடித்திருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவமனையிலிருந்து அவரை அழைத்து வந்த அன்று நல்ல வெயில். காலை நீட்டிக்கொள்ள வசதியாக இருக்கும் என்று முன் இருக்கையில் உட்கார வைத்தேன். ஏசியை முழு வேகத்தில் வைத்தேன். பை அவர் காலோடு கட்டப்பட்டு, தொளதொளப்பான பேண்டுக்குள் இருந்தது. வீடு வரும்வரை அவர் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "மெதுவாப் போங்க மாப்பிள்ளை, அவசரம் இல்ல."

மறுநாள் காலை காரைத் துடைக்கப் போனபோது, முன் இருக்கைக்குக் கீழே தரை விரிப்பில் ஒரு ஈரத் திட்டு. உள்ளங்கையைவிடப் பெரியது. விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனேன். புளித்த, மக்கிய வாடை. பை கசிந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததைப் பெருந்தன்மை என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை அவரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போவதற்குள் ஏற்பாடு செய்துவிட்டேன். பழைய மெத்தையின் பிளாஸ்டிக் உறையை வெட்டிப் பின் இருக்கையில் விரித்து, மேலே ஒரு போர்வையை நாலாக மடித்துப் போட்டேன். "பின்னாடி தாராளமா உக்காரலாம் மாமா" என்று கதவைத் திறந்துவிட்டேன். அவர் உட்கார்ந்ததும் கீழே சரசரவென்று சத்தம் வந்தது. போர்வைக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"புதுசா, மாப்பிள்ளை?"

"சீட்டு சூடாகாம இருக்க, மாமா."

"ம்" என்றார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வாடை போகவில்லை. ஏசியைப் போட்ட முதல் நிமிடத்தில் குப்பென்று அடிக்கும். பிறகு கொஞ்சம் அடங்கும். கண்ணாடியில் தொங்கவிடும் வாசனைக் குப்பி ஒன்று வாங்கினேன். அது போதாமல் டேஷ்போர்டில் ஒட்டும் டப்பா. அதுவும் போதாமல் ஸ்ப்ரே. மூன்றும் சேர்ந்து, அழுகிய பூக்கடைக்குள் நுழைந்ததுபோல ஆனது. என் மகளுக்குப் பதினொரு வயது. பள்ளியில் இறக்கிவிடும் வழியில் தாத்தாவும் வந்தால் அவரோடு பின்னால் உட்காருவாள். ஒரு நாள் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தேன். அவள் இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் என் கண்ணும் அவள் கண்ணும் சந்தித்தன. நான் முறைத்திருக்க வேண்டும். குறைந்தபட்சம் தலையையாவது ஆட்டியிருக்க வேண்டும். நான் சாலையைப் பார்த்தேன். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். குழந்தைகளுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்.

மாமனார் தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை மெதுவாக இறக்கினார். "கொஞ்சம் வெளிக்காத்து வரட்டும்" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அதன் பிறகு அவர் ஒரு நாளைக்கு இரண்டு முறை குளிக்க ஆரம்பித்தார். பரிசோதனை நாளன்று மூன்று முறை. குளியலறைக்குள் போனால் நெடுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். வெளியே வந்ததும் சட்டைக் காலரை இழுத்து ரகசியமாக முகர்ந்து பார்ப்பார். நான் செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். ஒரு காலை, பஸ்ஸிலேயே போய்க்கொள்வதாகச் சொன்னார்.

"பையைக் கால்ல கட்டிக்கிட்டுப் பஸ்ல தொங்கப் போறீங்களாப்பா" என்றாள் என் மனைவி. "வீட்டுல காரு எதுக்கு இருக்கு, பூஜை பண்ணவா?"

"அவருக்கு வேலை இருக்கும்மா. தினமும் நம்மளச் சுமந்துக்கிட்டு."

"அவரு ஏதாவது சொன்னாரா?"

"சேச்சே. மாப்பிள்ளை தங்கமான மனுஷன்."

நான் பக்கத்து அறையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்து 'அதெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா, வாங்க' என்று சொல்ல ஒரு மூச்சுக்கு மேல் ஆகாது. சொல்லவில்லை. பஸ்ஸில் போனால் நல்லதுதானே என்று உள்ளே ஒன்று கணக்குப் போட்டது. கடைசியில் மனைவி அடம்பிடித்துக் காரில்தான் ஏற்றினாள். ஆனால் அந்த ஒரு மூச்சு நேரத்து மௌனம் என்னிடம்தான் இருக்கிறது.

ஒரு மாதம் ஆவதற்குள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு தூக்கிப் போட்டது. மருத்துவமனையில் சேர்த்தோம். பையில் இருந்த சிறுநீர் கெட்டியாக, காபி நிறத்தில் இருந்தது. நர்ஸ் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி குடிக்கணும்னு எழுதிக் குடுத்திருக்கோமே. வீட்டுல தண்ணிக்குமா பஞ்சம்?"

"குடிக்கத்தான் சொல்றோம்" என்றாள் மனைவி.

"நான்தான் மறந்துடறேன்" என்றார் மாமனார், கண்ணை மூடியபடி.

நடைபாதையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகள் என்னிடம் சாதாரணமாகச் சொன்னாள். "தாத்தா மறக்க மாட்டாருப்பா. கார்ல போற நாளுன்னா முந்தின நாள் மத்தியானத்துலேருந்தே குடிக்க மாட்டாரு. நான் கேட்டேன். கார்ல போகணும்ல, பை காலியா இருக்கட்டும்னு சொன்னாரு."

சொல்லிவிட்டுக் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு எழுந்து எங்காவது போக வேண்டும் போல இருந்தது. போனேன். தண்ணீர் குடிக்கும் இடத்தில் நின்று, ஒரு டம்ளர் பிடித்து, குடிக்காமல் கீழே ஊற்றினேன். ஆனால் அப்போதும், இதைச் சொல்லியாக வேண்டும், வாடை அவருடையதுதான் என்றே நம்பினேன். பாவம், வியாதிக்கு அவர் என்ன செய்வார், நாம் இன்னும் கொஞ்சம் பக்குவமாக நடந்திருக்கலாம் என்று மட்டும்தான் தோன்றியது. அந்த வருத்தத்தில் ஒரு சுகம்கூட இருந்தது. தப்பு செய்தவன் தன்னைத்தானே தட்டிக்கொடுக்கும் சுகம்.

அவர் நான்கு நாள் படுக்கையில் இருந்தார். நான்கு நாளும் நான் மட்டும் காரில் போய் வந்தேன். பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டேன். போர்வையைத் துவைத்துவிட்டேன். வாடை குறையவில்லை. மூன்றாம் நாள் இன்னும் மோசமாக இருந்தது. இருக்கைப் பஞ்சுக்குள் ஊறிவிட்டது, அவர் திரும்பி வருவதற்குள் கழுவி வைக்க வேண்டும் என்று கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

அது ஒரு கணவன் மனைவி நடத்தும் இடம். ஏசி கம்ப்ரஸர், கேஸ் வேலை எல்லாம் கணவர். காருக்கு உள்ளே செய்யும் வேலை எல்லாம் அந்த அம்மா. டேஷ்போர்டுக்கு அடியில் நுழைகிற அளவுக்கு மெலிந்த கை அவருக்கு. முழங்கை வரைக்கும் கீறல் தழும்புகள்.

"பின் சீட்டைக் கழுவணும்மா. வீட்டுல ஒரு பெரியவர், ஆபரேஷன் ஆனவர். அவர் உக்காந்து உக்காந்து..." என்று மென்று விழுங்கினேன். "நல்லா மருந்து போட்டுக் கழுவிடுங்க."

அவர் பின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார். குனிந்து இருக்கையை முகர்ந்தார். பிறகு முன்னால் வந்து, காரை ஓட விட்டு, ஏசியைப் போட்டு, காற்று வரும் துவாரத்தில் மூக்கை வைத்தார். உடனே பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"பெரியவரு டேஷ்போர்டுக்குள்ளயா உக்காந்து வந்தாரு?"

எனக்குப் புரியவில்லை.

"சீட்டுல ஒண்ணும் இல்ல சார். சோப்பு வாசனைதான் வருது. நாத்தம் இங்கேருந்து வருது, காத்தோட."

வேறொரு காருக்கு அடியிலிருந்து கணவரின் குரல் வந்தது. "என்னவாம்?"

"பாவம், வீட்டுப் பெரியவரு மேல பழியப் போட்டுட்டு வந்திருக்காரு."

"லேசுல மாட்டுற ஆளு அவருதானே" என்றது குரல்.

அந்த அம்மா முன்பக்கப் பெட்டியைக் கழற்றி, உள்ளேயிருந்து ஃபில்டரை உருவினார். வெள்ளையாக இருக்க வேண்டியது, தேய்ந்த செருப்பின் உள்பக்கம் போல இருந்தது. மடிப்புகளில் இலைச் சருகு, பூச்சி இறக்கை, கரும்புள்ளிகளாகப் பூஞ்சை. பிறகு நீளக் கம்பியில் பொருத்திய சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு டார்ச் அடித்தார். "பாருங்க" என்றார்.

பார்த்தேன். தகடு தகடாக அடுக்கிய கூலிங் காயில். தகடுகளுக்கு இடையில் பச்சையும் சாம்பலுமாக ஒரு கொழகொழப்பு, பாசி பிடித்த தொட்டியின் சுவர் மாதிரி. வாழ்நாள் முழுக்கக் கண்ணாடியையும் வெளிச்சத்தையும் வைத்துத்தான் நான் பிழைக்கிறேன். அந்தச் சின்னக் கண்ணாடியில் தெரிந்ததைப் பார்க்க எனக்கு வெளிச்சம் அதிகமாக இருந்தது.

"இதுதான் உங்க பெரியவரு" என்றார். "ஏசி ஓடுனா காயில்ல தண்ணி கோக்கும் சார். அது குழாய் வழியாக் கீழ சொட்டிப் போயிடணும். போகலைன்னா உள்ளயே தேங்கும். இருட்டு, ஈரம், தூசி. கிருமிக்கு வேற என்ன வேணும், பாய் தலைகாணியா? தரை விரிப்பு நனைஞ்சிருக்கணுமே, முன்பக்கம்."

"நனைஞ்சிருந்தது" என்றேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

அவர் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு நகர்ந்தார். சிறிது நேரத்தில் தொபுக்கென்று ஒரு சத்தம். ஒரு குடம் கவிழ்ந்ததுபோலக் கலங்கல் தண்ணீர் தரையில் கொட்டியது. இரண்டு கார் தள்ளி நின்றவர்கூட மூக்கைப் பொத்திக்கொண்டார். அந்த அம்மா வெளியே வந்து, தோளைத் துடைத்துக்கொண்டு, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஒரு கறுப்பு ரப்பர் அடைப்பான்.

"யாரோ வேணும்னே அடைச்சிருக்காங்க சார். யாரு இது?"

அதை எனக்குத் தெரியும். லென்ஸ் துடைக்கும் திரவம் வரும் பாட்டிலின் அடைப்பான். குழாய்க்குச் சரியாகப் பொருந்துவதற்காக ஓரத்தை என் கத்தியால் நானே செதுக்கியிருந்தேன். மாமனார் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் அது நடந்தது. குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் புதிதாக வெள்ளை ஓடு பதித்திருந்தார்கள். செயலாளர் நாலு பேர் முன்னால் என்னைக் கூப்பிட்டு, "உங்க வண்டி மட்டும் தினமும் ஒண்ணுக்குப் போயிட்டு நிக்குதே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சுத்தக்காரனான எனக்கு அது சாட்டையடி போல இருந்தது. அன்றைக்கே கீழே படுத்து, எங்கிருந்து சொட்டுகிறது என்று கண்டுபிடித்து, அடைத்தேன். மறுநாள் என் ஓடு காய்ந்து பளபளவென்று இருந்தது. அத்தோடு அதை மறந்தும் போனேன்.

"தெரியலையேம்மா" என்றேன். "நான் வாங்கினப்பவே பழைய வண்டிதான். முன்னாடி வெச்சிருந்தவங்க..."

"எவனோ அதிபுத்திசாலி" என்றார் கணவர், தலையை மட்டும் வெளியே நீட்டி. "தண்ணி சொட்டுதுன்னு அடைச்சிருப்பான். மூக்கு ஒழுகுதுன்னு சிமெண்ட் வெச்சுப் பூசற மாதிரி."

மூன்று பேரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் இப்போதும் காது சூடாகிறது.

வேலை மாலை வரை ஆனது. அந்த அம்மா குழாய் வழியாக நுரையைக் காயிலுக்குள் செலுத்தி ஊற வைத்தார். பிறகு தண்ணீர் அடித்துக் கழுவினார். பழுப்பாக வந்த நீர் மூன்றாம் முறைதான் தெளிந்தது. தரை விரிப்பைக் கழற்றி வெயிலில் போட்டார். புது ஃபில்டர் மாட்டினார். என் வாசனைக் குப்பிகள் மூன்றையும் எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இதெல்லாம் குளிக்காமப் பவுடர் பூசற வேலை சார். வேண்டாம். வீடு வர்றதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி ஏசிய அணைச்சுட்டு ஃபேனை மட்டும் ஓட விடுங்க. உள்ள ஈரம் காஞ்சுடும். அடிக்கடி வெளிக்காத்தையும் உள்ள விடுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை ஃபில்டரை மாத்துங்க. அவ்வளவுதான் விஷயம்." பிறகு, போகிற போக்கில், "பெரியவர்கிட்ட சொல்லிடுங்க" என்றார்.

மறுநாள் மருத்துவமனையில் மாமனாருக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். பையும் இல்லை. அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் முன் கதவைத் திறந்தேன். அவர் அதைக் கவனிக்காதவர் போலப் பின்னால் போய் உட்கார்ந்தார். காரில் வாடை இல்லை. வெறும் குளிர்ந்த காற்று. எப்படி ஆரம்பிப்பது என்று தொண்டையைச் செருமினேன். அதற்குள் மகள் சொன்னாள்.

"தாத்தா, இப்ப நாத்தமே இல்ல. குழாயை எடுத்துட்டாங்கல்ல, அதான்."

"ஏய், வாயை மூடு" என்றாள் மனைவி. ஆனால் அவள் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது. அவளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். இத்தனை நாள் தன் அப்பாவுக்காக வெட்கப்பட்டு, அதை வெளியே காட்டாமல் இருந்திருக்கிறாள்.

மாமனார் பேத்தியின் தலையைத் தடவினார். "ஆமா" என்றார். "எடுத்துட்டாங்க."

எனக்கு ஒரு வாசல் திறந்து கிடந்தது. குழாய் போனது, வாடையும் போனது. எல்லோருக்கும் பொருத்தமான காரணம். நான் ஒன்றுமே சொல்ல வேண்டாம். பூசி மெழுகக்கூட வேண்டாம், அதுவே மெழுகிக்கொண்டது. தொண்டையை மறுபடி செருமிவிட்டு, "வெயில் குறைஞ்சுடுச்சு" என்றேன்.

ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த நாளைச் சேர்த்து ஒன்பது நாள் அப்படியே இருந்தேன். சாப்பாட்டு மேசையில் அவர் எதிரே உட்கார்ந்தேன். லென்ஸ்களைத் தேய்த்தேன். அவர் இப்போது நிறையத் தண்ணீர் குடித்தார். தினமும் இரண்டு முறை குளிப்பதை நிறுத்தவில்லை. காரில் எங்கே போகலாம் என்றாலும் வரவில்லை. பேத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார். அவள் தள்ளித் தள்ளி வந்தால் எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவர் அறையில் பெட்டி திறந்திருந்தது. பழைய நண்பர் ஒருவர் தனியாக இருக்கிறாராம், அவரோடு போய்த் தங்கிக்கொள்கிறாராம். "உடம்புதான் சரியாயிடுச்சே. இன்னும் எதுக்கு இங்க?" என்று சட்டைகளை மடித்தார். மனைவி சமையலறையில் பாத்திரங்களை வைக்கிற வேகத்தில் அவள் அழுகை தெரிந்தது.

"மாமா, ஒரு நிமிஷம் கீழ வர்றீங்களா?" என்றேன்.

வந்தார். கேள்வி கேட்காமல் வருவது அவர் பழக்கம். நான் முன் கதவைத் திறந்தேன். அவர் தயங்கினார். "இங்கயே உக்காருங்க மாமா" என்றேன். உட்கார்ந்தார். நான் என் பக்கம் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். காரை ஓட விடவில்லை. இரண்டு பேரும் எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முகம் பார்த்துப் பேச வேண்டாம் என்பதற்காகத்தான் அங்கே கூட்டிவந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

சொன்னேன். செயலாளரின் பேச்சிலிருந்து ஆரம்பித்து, அடைப்பான், தேங்கிய தண்ணீர், காயில், பாசி, ஃபில்டர், ஈரத் திட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். ஒர்க்‌ஷாப்பில் பொய் சொன்னதையும் சொன்னேன். எங்கேயோ ஒரு வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது. மறுபடி ஓடி நின்றது.

"எனக்குத் தெரியும் மாப்பிள்ளை" என்றார்.

நான் திரும்பினேன்.

"முப்பத்தோரு வருஷம் ஒரு பெட்டிக்குள்ள நின்னவன். ஆள் வாடை வேற, பெட்டி வாடை வேற. முதல் நாளே தெரிஞ்சுது, இது காத்து வர்ற வழியிலேருந்து வருதுன்னு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே மாமா."

"மருமகன் வண்டியில ஏறி உக்காந்துக்கிட்டு, உங்க வண்டி நாறுதுங்கன்னா? லிஃப்ட்காரனுக்கு மூக்கு இருக்கலாம், மூஞ்சி இருக்கக் கூடாது. யாரு உள்ள வந்தாலும், அவங்க மேல என்ன வாடை அடிச்சாலும், மாடி எதுன்னு மட்டும்தான் கேக்கணும். வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு அதான் முதல்ல சொல்லிக் குடுத்தாங்க." ஒரு சின்னச் சிரிப்பு வந்து, நிற்காமல் போனது. "அப்புறம் நீங்க பிளாஸ்டிக் விரிச்சீங்க."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னைக்குத்தான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. ஒரு தூசி இருந்தாக்கூடக் கண்டுபிடிக்கிற மனுஷன். இவரு நெனச்சா தப்பா இருக்காதுன்னு பட்டுச்சு. வயசாச்சு, நம்ம மூக்குதான் செத்துப் போயிருக்கும்னு நெனச்சேன். என் மூக்கை நம்புறதா, உங்களை நம்புறதான்னு பாத்தேன். உங்களை நம்புனேன்."

'நான் ஒண்ணும் சொல்லலையே மாமா' என்ற வாக்கியம் என் நாக்கு நுனி வரை வந்தது. நல்லவேளை, அங்கேயே நின்றுவிட்டது. உண்மையில் நான் ஒரு சொல்கூடச் சொல்லவில்லைதான். சொல்லியிருந்தால் அவர் மறுத்திருக்கலாம். சண்டையாவது போட்டிருக்கலாம். ஒரு பிளாஸ்டிக் விரிப்புக்கு எதிராக யார் வாதாட முடியும்?

"போகாதீங்க மாமா" என்றேன்.

"அது இருக்கட்டும்" என்றார். "குழந்தைகிட்ட நீங்க சொல்லணும். தாத்தா நாறுவாருன்னு அதுக்கு மனசுல விழுந்துடுச்சு. இப்பக் குழாயை எடுத்துட்டாங்க, சுத்தமாயிட்டாருன்னு நெனக்குது. நாளைக்கு எனக்கு வேற ஏதாவது வந்து படுத்தா, மறுபடி மூக்கைத்தான் பிடிக்கும். நான் எடுத்துச் சொன்னா சப்பைக்கட்டு கட்டுற மாதிரி ஆயிடும். நீங்க சொல்லுங்க."

கதவைத் திறந்து, கால்களை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்து, இறங்கிப் போனார்.

மகள் கூடத்து மேசையில் வரைபடத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். கடலுக்கு நீலம். நான் எதிரே உட்கார்ந்தேன். பெரியவரிடம் சொல்வதைவிடப் பதினொரு வயதுப் பெண்ணிடம் சொல்வது கடினமாக இருந்தது. அவளிடம் சுற்றி வளைக்க முடியாது. காயில், காருக்கு அடியில் அடைபட்ட குழாய், கிருமி என்றெல்லாம் ஆரம்பித்தேன். அவள் தீட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அந்த நாத்தம் கார்லேருந்துதான் வந்துதா?"

"ஆமா."

"தாத்தாகிட்டேருந்து இல்லையா?"

"இல்ல. ஒரு நாள்கூட இல்ல."

பென்சில் நின்றது. "குழாயை யாருப்பா அடைச்சா?"

"நான்தான்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. அவள் எதையோ பின்னோக்கிப் புரட்டிக்கொண்டிருந்தாள். காரில், கண்ணாடியில், தன் இரண்டு விரல்களை. என் மகள் முதல்முறையாக வெட்கப்படுவதை நான் பார்த்தேன். முகம் மெல்லச் சிவந்து காது வரை போனது. அந்த வெட்கம் அவளுடையதே இல்லை. நான் அவளுக்குக் கொடுத்தது.

"நீங்க ஏம்ப்பா அன்னைக்கு என்னைத் திட்டல?" என்றாள்.

கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, தாத்தாவின் அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அவள் ஏதோ சொல்வதும், அவர் சின்னதாக ஏதோ பதில் சொல்வதும் கேட்டது. வார்த்தைகள் பிடிபடவில்லை. கேட்க எனக்கு உரிமை இருப்பதாகவும் தோன்றவில்லை.

சமையலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது நின்றது. மனைவி வாசலில் வந்து நின்றாள். கையில் ஈரம் சொட்டியது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"இது எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"ஒன்பது நாளாச்சு" என்றேன்.

அவள் ஒன்பது நாளையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பவள் போலச் சற்று நேரம் நின்றாள். பிறகு மகள் விட்டுப்போன நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டு, அந்த அறைக் கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து "வாம்மா" என்றார் அவர். அவள் போனாள். கதவு மறுபடி சாத்திக்கொண்டது.